பதுவைக்காரர் பிறந்த ஊரில் எங்கள் பேண்டு செட்

"...அடக்கம் பண்ணினாக, அம்புட்டுத்தான்! பெத்தது நாங்க. பால் குடுத்தது நாங்க. இந்தா, இந்தச் சந்துல ஓடியாடி வளர்ந்த பிள்ளை அவரு. அங்கன போயி செத்துட்டா அந்த ஊர்க்காரரா ஆயிடுவாரா? அழிங்கய்யா அதை!"

மீன் புரட்டுகிற இடுக்கியை எங்கள் பெரிய டிரம்முக்கு நேரே நீட்டிக்கொண்டு, லிஸ்பன் நகரத்தில் ஒரு சந்து நடுவே நின்று ஒரு அம்மா இப்படிச் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டது போர்ச்சுக்கீசிய பாஷையில். எங்களோடு வந்த ஷிஜோ அதை மலையாளத்தில் சொன்னான். நான் நம்ம பேச்சில் எழுதியிருக்கிறேன். மூன்று பாஷை மாறி வந்தும் சூடு ஆறவில்லை பாருங்கள்.

அந்தம்மா பெயர் ஃபெர்னாண்டா. அறுபதைத் தாண்டியவர். அந்தத் தெருவின் திருவிழாக் கமிட்டிக்கு அவர்தான் தலைவி. எங்களை இந்தியாவிலிருந்து வரவழைத்ததே அந்தக் கமிட்டிதான். கூப்பிட்டவரே வாசலில் வைத்துத் திட்டுகிறார் என்றால் காரணம் இருக்கத்தானே வேண்டும்? காரணம், டிரம்மில் எழுதியிருந்த ஒரே ஒரு ஊர்ப்பேர்.

அதற்கு முன்னால் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ராயப்பன்பட்டிப் பக்கத்துப் பேண்டு செட். சர்ச் சப்பரம், கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் முளைப்பாரி, சந்தனக்கூடு, எழவு வீடு, எங்கே கூப்பிட்டாலும் போவோம். மாஸ்டர் சவரிமுத்து அண்ணன், வாசிப்பது டிரம்பெட். பெரிய டிரம் ஆரோக்கியம். அவன் வயிறும் டிரம்மும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். நான் ராஜா முகமது. கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறேன். கிளாரினெட்டைக் கேட்டுக் கேட்டே பழகிக்கொண்டேன். "ஒரு பாய் எப்படிய்யா சப்பரத்துக்கு வாசிக்கிறாரு?" என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "பாய் எங்கய்யா வாசிக்கிறாரு, கிளாரினெட்டுல்ல வாசிக்குது" என்பான் ஆரோக்கியம். இதற்கு மேல் நல்ல பதில் எனக்கும் தெரியாது.

அந்தோணியார் பிறந்தது லிஸ்பனில். ஜூன் மாதம் அவருக்குத் திருவிழா. உலகத்தில் எங்கெங்கோ அவர் பேரில் இருக்கிற பேண்டுகளை வரவழைத்து ஊர்வலத்தில் நடக்க விடலாம் என்று அந்தக் கமிட்டிக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. எங்கள் சப்பர வீடியோவை யாரோ பார்த்திருக்கிறார்கள். அப்படித்தான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

எங்களுக்கெல்லாம் அது வெளிநாடு பார்க்கிற ஆசை. சவரி அண்ணனுக்கு அப்படி இல்லை. மீசை முளைக்கிறதுக்கு முன்னாலிருந்து அந்தோணியார் சப்பரத்துக்கு வாசிக்கிறவர் அவர். ஃபிளைட்டில் எல்லோரும் ஜன்னலோரம் எட்டிப் பார்க்க, அவர் மட்டும் டிரம்பெட்டின் வாய்க்கட்டையைக் கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டே வந்தார். "ஊரு பாக்கிறதெல்லாம் நீங்க பாருங்கப்பா. எனக்குச் சாமி பொறந்த வீட்டு வாசல்ல ஒரே ஒரு நடை வாசிச்சாப் போதும்" என்றார்.

லிஸ்பன் ஒரு நாட்டுக்குத் தலைநகரம். தலைநகரம் என்றால் நீட்டி அகட்டிப் போட்ட ரோடாக இருக்கும் என்று நினைத்துப் போனோம். அங்கே கம்பம்மெட்டு மாதிரி ஒரு ஏற்றம். ஏறி முடித்தால் இறக்கம். இறங்கினால் எதிரே இன்னொரு ஏற்றம். "வீட்டையெல்லாம் கட்டிட்டு அப்புறமா ரோட்டைத் தேடியிருக்காய்ங்க மாப்ள" என்றான் ஆரோக்கியம். கீழே ஓடுகிற ஆற்றைக் காட்டி "இது கடலா?" என்று கேட்டால் ஆறு என்கிறார்கள். வைகை அணை நிறைந்து கிடக்கும்போது அக்கரை எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது எதிர்க்கரை. நம்மூரில் ஆற்றைத் தேக்கினால்தான் அப்படி இருக்கும். அவர்களுக்கு ஓடும்போதே அப்படி.

எங்களைத் தங்க வைத்திருந்த வீட்டில் முதல் நாளே ஒரு கூத்து. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டோம். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். இங்கிலீஷ் அவருக்கும் வராது, எங்களுக்கும் ஆத்திர அவசரத்துக்கு வராது. நான் கையை முறுக்கி முறுக்கிக் காட்டிப் பார்த்தேன். அந்தம்மா குழாயைத் திறந்து தண்ணீர் காட்டினார். பொறுமை போய், "ஆத்தா, சாவி! சாவி உள்ள மாட்டிக்கிச்சு!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "ஷாவ்?" என்று கேட்டுக்கொண்டே மாற்றுச் சாவியை எடுத்து நீட்டினார்.

எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவரோடு மேலே போனதும் ஆரோக்கியம் ஜன்னலைத் தட்டி "ஜன்னல்" என்றான். அந்தம்மா "ஜனேலா" என்றார். மேசையைத் தட்டினால் "மேசா". "நம்ம ஆளுக மாப்ள! இந்தம்மாவுக்குத் தமிழ் தெரியும், வெளிய காட்டிக்கிற மாட்டேங்குது" என்று அவன் முடிவே கட்டிவிட்டான். மறுநாள் ஷிஜோ வந்துதான் அந்த வார்த்தைகளெல்லாம் இவர்கள் கப்பலில் கொண்டுவந்து நமக்குக் கொடுத்தவை என்று சொன்னான். ஆரோக்கியம் விடவில்லை. "அப்ப இவுக வர்றதுக்கு முன்னாடி நம்மாளுக வீட்டைப் பூட்டாமலா கெடந்தாக?"

ஷிஜோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டப்பனைக்காரன், முப்பது வயசு. லிஸ்பனில் ஒரு பெரிய கடையில் வேலை. எங்களுக்குப் பேச்சுத் துணையாகக் கமிட்டி ஏற்பாடு செய்திருந்தது. என் ஊர் கம்பம் என்றதும் கட்டிப் பிடித்துக்கொண்டான். அதிலிருந்து நான் அவனுக்கு இக்கா, அதாவது அண்ணன். "இக்கா, எங்க ஏலத்தோட்டத்துக்கு ஆளு வர்றதே உங்க கம்பத்து ஜீப்பிலதானே!" என்றான். எல்லைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஊரில் இருந்திருந்தால் செக்போஸ்ட்டில் எதிரெதிரே நின்று ஹாரன் அடித்திருப்போம். இவ்வளவு தூரம் வந்ததும் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம்.

சாப்பாட்டில் எனக்குத்தான் கொஞ்சம் சிக்கல். அங்கே பாதிப் பலகாரத்தில் பன்றிக்கறி. அதனால் முதலில் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டு, கடைக்குக் கடை "போர்க்கு? போர்க்கு?" என்று கேட்டுக்கொண்டே போனேன். பன்றிக்கறி மேல் எனக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்து ஒரு கடைக்காரர் பெரிய துண்டாக எடுத்துக் காட்டினார். அதிலிருந்து மீனோடு நின்றுகொண்டேன். கருவாட்டுக்கு அந்த ஊரில் இருக்கிற மரியாதையைப் பார்க்க வேண்டுமே! ஆள் நீளத்துக்கு உப்புக்கண்டம் போட்ட மீனைக் கண்ணாடிக் கடையில் விளக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நம்மூரில் கருவாடு வறுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அங்கே ஜனேலாவைத் திறக்கிறார்கள்.

தொழுகைக்கு நிற்கும்போது இன்னொரு வேடிக்கை. பழக்கதோஷத்தில் மேற்கே பார்த்து நின்றுவிட்டேன். ஷிஜோதான் போனில் பார்த்து "இக்கா, இங்கன நின்னா கிழக்கே" என்று திருப்பிவிட்டான். ஊரில் மேற்கே பார்ப்பது, இங்கே கிழக்கே பார்ப்பது. மக்கா இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நான்தான் அதைத் தாண்டி வந்திருக்கிறேன். அந்தித் தொழுகை மஃரிபுக்கு ஒன்பது மணி ஆகிவிடுகிறது. அதுவரைக்கும் சூரியன் போக மனசில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள்தான் கமிட்டித் தெருவுக்குப் புறப்பட்டோம். மேட்டின் மேலே இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் ஒரு டிராம் போகும். நம்ம மினி பஸ்ஸில் பாதிகூட இருக்காது. எல்லோரும் ஏறிவிட்டோம், பெரிய டிரம் மட்டும் கதவில் நுழையவில்லை. ஓட்டுகிற பெண் இறங்கி வந்து, டிரம்மையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"மேல கட்டச் சொல்லுங்க தம்பி. நம்ம ஜீப்புல எத்தனை கட்டுறோம்" என்றான் ஆரோக்கியம்.

"மேலே கரண்டுக் கம்பி, சேட்டா."

ஆரோக்கியம் அண்ணாந்து பார்த்தான். டிரம்மைத் தூக்கி வயிற்றில் மாட்டிக்கொண்டான். "நீங்க போங்க, நான் நடந்து வாரேன்" என்று மேட்டில் ஏற ஆரம்பித்துவிட்டான். நாங்கள் சொகுசாக உட்கார்ந்து போனோம். இரண்டு வளைவு போனதும் டிராம் நின்றுவிட்டது. எவரோ ஒருவர் காரைத் தண்டவாளத்தை ஒட்டி நிறுத்திவிட்டு காப்பி குடிக்கப் போயிருக்கிறார். ஓட்டுகிற பெண் மணி அடிக்கிறார், பின்னால் இரண்டு டிராம் மணி அடிக்கிறது, கார்க்காரர் வந்தபாடில்லை. அப்போது ஜன்னலுக்கு வெளியே வியர்த்து வடிய ஆரோக்கியம் எங்களைக் கடந்து போனான். போகிற போக்கில் "என்ன மாப்ள, டிக்கெட்டு வாங்கியாச்சா?" என்று கேட்டான். கடைசியில் அவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான்.

அப்படி முதலில் போய்ச் சேர்ந்ததால்தான் ஃபெர்னாண்டா அம்மாவின் கண்ணில் முதலில் பட்டதும் டிரம். அதன் முகத்தில் வட்டமாக அந்தோணியார் படம், கையில் குழந்தை இயேசு. சுற்றிலும் தமிழில் 'பதுவைப் பதியர் புனித அந்தோணியார் பேண்டு செட்'. கீழே அதே சேதி இங்கிலீஷில், பதுவை மட்டும் கொட்டை எழுத்தில். நம்ம பக்கத்தில் அவருக்குப் பேரே அதுதான். அவர் இறந்ததும் அடங்கியிருப்பதும் பதுவை நகரத்தில். அது இத்தாலியில் இருக்கிறது. லிஸ்பன்காரர்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே ஆகாது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆரோக்கியத்துக்குப் பதுவையே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இத்தாலியா? நான் இத்தனை வருசமா புதுவைன்னுல்ல நினைச்சுக்கிட்டிருக்கேன். பாண்டிச்சேரிக்காரரு, நம்மாளுன்னு."

"நல்லாருப்ப, அதை ஷிஜோகிட்டச் சொல்லிறாத மச்சான். அந்தம்மாவுக்கு இன்னொரு ஊரு வேற தாங்காது" என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். திட்டினாரே தவிர, எங்கள் தட்டைக் காலியாக விடவில்லை ஃபெர்னாண்டா அம்மா. வீட்டு வாசலிலேயே கரி அடுப்பு. அதில் மத்தி மீனை உப்பு மட்டும் தூவிச் சுட்டு, ரொட்டித் துண்டின் மேல் வைத்துக் கொடுக்கிறார்கள். ரொட்டிதான் தட்டு. மீனைத் தின்று முடித்தால் அதன் எண்ணெய் ஊறிய தட்டையும் தின்றுவிடலாம். கேரளாவிலிருந்து குமுளி வழியாகக் கம்பத்துக்கு வருகிற அதே மத்திதான். மிளகாய் போடாமலும் அதற்கு ருசி உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். தெரு முழுக்கக் கலர்த் தாள் தோரணம், வாசலுக்கு வாசல் ஒரு தொட்டிச் செடி. திருநீற்றுப்பச்சை மாதிரி, உருண்டையாக, குட்டி இலை. ஆரோக்கியம் குனிந்து மூக்கை வைக்கப் போனான். அந்தம்மா ஓடிவந்து அவன் நெற்றியைப் பிடித்துத் தள்ளினார். மூக்கு வைத்து முகர்ந்தால் செடி வாடிவிடுமாம். உள்ளங்கையால் செடியைத் தடவி, கையை முகர வேண்டுமாம். அவன் கையைப் பிடித்துத் தடவவைத்து, அவன் மூக்கிலேயே வைத்துக் காட்டினார்.

"கோவக்காரின்னாலும் பாசக்காரி" என்றான் ஆரோக்கியம். "எங்க சின்னம்மா மாதிரி."

மறுநாள் காலையில் கமிட்டி ஒரு வழி சொல்லி அனுப்பியது. ஃபெர்னாண்டா அம்மாவே ஷிஜோவோடு வந்தார். கையில் மடித்த வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் பூ வேலை. அவர் அம்மா பெட்டியில் இருந்ததாம். இதை டிரம்மின் முகத்தில் கட்டிக்கொண்டு நடங்கள், எழுத்தும் தெரியாது, அழகாகவும் இருக்கும் என்றார். மரியாதையாகத்தான் கொடுத்தார். அதில் ஒரு குற்றமும் இல்லை.

சவரி அண்ணன் துணியைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தார்.

அவர் ஏன் பின்வாங்கினார் என்று எங்கள் ஆட்களுக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. எழவுக்குப் போனால் பெரிய டிரம்மின் முகத்தில் துணி கட்டிவிடுவோம். சத்தமும் அமுங்கும், சாமி படமும் மறையும். அடக்கம் முடிந்து திரும்பும்போது அவிழ்ப்போம். துணி கட்டிய டிரம் தெருவில் வந்தாலே ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"ஷிஜோ தம்பி, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க" என்றார் அண்ணன். "துணி கட்டினா அது எழவு. சாமி பொறந்த வீட்டு வாசல்ல எழவு மேளம் அடிக்கிறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்? என்னால ஆகாதும்மா."

ஷிஜோ சொன்னதும் அந்தம்மா சட்டென்று துணியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். ஆனாலும் இறங்கி வரவில்லை. "என் பிள்ளை பின்னாடி அந்த ஊர்ப் பேரு கொட்டை எழுத்துல வந்தா, கீழத்தெருக்காரிக வருசம் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளுக. நான் இந்தத் தெருவுல குடியிருக்க வேணாமா?" என்றார்.

டிரம் இல்லாமல் நடக்கலாமே என்று நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "சப்பரம் நடக்கிறதே அந்த அடிக்குத்தான் ராஜா" என்று முடித்துவிட்டார் அண்ணன்.

ஆக, இரண்டு பேரும் விட்டுக் கொடுக்கவில்லை. சாயங்காலம் தெரு முனையில் வாசித்துக் கொள்ளலாம், ஊர்வலத்தில் மட்டும் நடக்க வேண்டாம், ஓரமாக நின்று பார்க்கலாம் என்று முடிவானது. அன்று சாயங்காலம் தெரு முனையில் வாசித்தோம். நம்ம கல்யாண ஊர்வலக் குத்துக்கு லிஸ்பன் ஆடியதைப் பார்க்க வேண்டுமே! கைத்தடி ஊன்றிய ஒருவர் தடியைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டு ஆடினார். ஒரு போலீஸ்காரர் ஆடாமல் இருக்க எவ்வளவோ முயன்று, கடைசியில் தோளை மட்டும் ஆட்டினார். ஃபெர்னாண்டா அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை, ஆனால் இடுக்கி தாளம் போட்டது. சவரி அண்ணன் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். முடிந்ததும் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

திருவிழா அன்று காலையில் வீட்டுக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரி மெகருன்னிசாவுக்குப் பிறந்த ஊர் கோம்பை. அவள் தம்பி வீட்டு விசேஷத்துக்கு அங்கே போயிருந்தாள். போன் திரையில் அவள் முகம் வருவதற்கு முன்னாலேயே அவள் தங்கச்சி வீட்டுப் பொடிசு ஒன்று, "கம்பத்துப் பெரியம்மாவுக்கு மாமா போன் பேசுறாக!" என்று கத்தியது.

"பெரியம்மாவுக்கு மாமான்னா உனக்கு நான் யாரு?" என்று கேட்டேன். ஓடிவிட்டது.

மெகரு சிரித்தாள். "என்னங்க, ஊர்வலம் என்னாச்சு?"

நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு அந்தம்மாவின் கோபம் புரியவே இல்லை. "இதுக்குப் போயா சண்டை? கம்பத்துல என்னையக் கோம்பைக்காரிங்கிறாக. கோம்பைக்கு வந்தா, கம்பத்துக்காரி வந்துட்டாங்கிறாக. கல்யாணம் ஆனதுல இருந்து எந்த ஊருலயும் எனக்கு அந்த ஊருப் பேரு இல்ல. நான் சண்டையா போட்டேன்?"

போனை வைத்துவிட்டு அவள் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்ம பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிற சங்கதிதான். கட்டிக்கொண்டு போன ஊரில் அவளைப் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறந்த ஊரில் போன ஊரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். சொந்தக்காரர்கள்தான் அப்படிக் கூப்பிட முடியும். சம்பந்தம் இல்லாதவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அந்தக் கணக்குப்படி அந்தோணியாரைப் பதுவைக்காரர்கள் அல்லவா லிஸ்பன்காரர் என்று சொல்ல வேண்டும்? லிஸ்பன்காரர்கள் அல்லவா பதுவைக்காரர் என்று சொல்ல வேண்டும்?

ஷிஜோவைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறினேன். சவரி அண்ணனிடம் சொல்லவில்லை. ஆசை காட்டி ஏமாற்ற மனசு வரவில்லை.

ஃபெர்னாண்டா அம்மா அடுப்படியில் இருந்தார். "உங்க மாஸ்டரு மனசு மாறிட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நான் என் வீட்டுக்காரியப் பத்திச் சொல்ல வந்தேன்" என்றேன்.

ஷிஜோ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தான். கோம்பை, கம்பம் இரண்டையும் சொன்னேன். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் போய்விட்டு வருகிற தூரம்தான் என்பதையும் சொன்னேன். அப்படி இருந்தும், அவள் பிறந்த வீட்டு வாசலில் கால் வைக்கும்போது "கம்பத்துக்காரி வந்துட்டா" என்று தெருவே சந்தோஷப்படுவதைச் சொன்னேன்.

அந்தம்மா இடுக்கியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்டார். கடைசியில், "அப்ப பொறந்த ஊருக்கு அவ சொந்தம் இல்லன்னு ஆயிடுச்சா?" என்றார்.

"சொந்தம்னாலதாம்மா அந்தப் பேரு. எங்க வீட்டுப் பிள்ளை இன்ன ஊருல போயி நல்லா இருக்குன்னு நாலு பேருக்குச் சொல்லிக்கிறது. வேத்து ஆளுன்னா அவ எந்த ஊருக்குப் போனா எங்களுக்கென்ன?"

ஒரு மீனைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே பேசினார். "என் தம்பி பாரீசுல கட்டட வேலை பாக்கிறான். வருசா வருசம் ஆகஸ்டு மாசம் லீவுக்கு வருவான். கார்ல இருந்து இறங்குறதுக்குள்ள 'பிரெஞ்சுக்காரன் வந்துட்டான்'னு தெருவுல சொல்லிருவாக. நானும் அப்படித்தான் சொல்றேன். அங்கன அவனுக்குப் பேரு போர்ச்சுக்கீசியனாம்."

இந்த இடத்தில் பேசினால் கெட்டுப்போகும் என்பது மண்டியில் உட்கார்ந்து கற்ற அறிவு.

"போங்க, போங்க. மீன் கருகுது" என்று விரட்டிவிட்டார். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. திரும்பி இறங்கும்போது ஷிஜோவைக் கேட்டேன், "என்ன நினைக்கிறீக?" அவன் உதட்டைப் பிதுக்கினான். "அறியில்ல இக்கா."

சாயங்காலம் யூனிபாரம் போட்டுக்கொண்டோம். சிவப்புக் கோட்டு, தங்க ஜரிகை, தொப்பி. நடக்கப் போவதில்லை என்றாலும் சாமி முன்னால் சும்மா சட்டையில் நிற்க மாட்டேன் என்றார் சவரி அண்ணன். சந்தின் ஓரத்தில் வரிசையாக நின்றோம். டிரம்மை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆரோக்கியம் வயிற்றிலேயே மாட்டிக்கொண்டான். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளவா என்று அண்ணனைக் கேட்டான். "ஏன், நாம என்ன திருடிட்டா வந்தோம்?" என்றார் அண்ணன்.

முதலில் கொடிகள் வந்தன. பிறகு அந்த ஊர் பேண்டு ஒன்று வாசித்துக்கொண்டே போனது. நல்லா வாசித்தார்கள். பிறகு அந்தோணியார் சுரூபம். நம்ம ஊரில் பார்க்கிற அதே முகம், அதே பழுப்பு அங்கி, அதே குழந்தை. மேல்வீடுகளின் ஜன்னலிலிருந்து பூவிதழ் கொட்டுகிறது. சவரி அண்ணன் தொப்பியைக் கழற்றினார். டிரம்பெட்டைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். சுரூபம் எங்கள் முன்னால் வந்தபோது அவர் உதடு மட்டும் அசைந்தது. ஜெபமா, நடைக்கு வாசிக்கிற மெட்டா என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

சுரூபத்துக்குப் பின்னால் கமிட்டி. நடுவில் ஃபெர்னாண்டா அம்மா, தோளில் பட்டுப் பட்டை, கையில் மெழுகுவர்த்தி. எங்களைப் பார்க்காமல் நேரே பார்த்தபடி கடந்து போனார். அண்ணன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "சரிப்பா, பாத்தாச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைக் கேட்க எனக்குத்தான் தாங்கவில்லை.

கொஞ்சத் தூரம் போன கமிட்டி தட்டுத் தடுமாறி நின்றது. ஃபெர்னாண்டா அம்மா நின்றுவிட்டதால் பின்னால் வந்தவர்கள் அவர் மேல் முட்டிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாக, எங்களைப் பார்த்து வந்தார். ஆரோக்கியம் இரண்டு கையையும் டிரம்மின் மேல் அணைத்துக்கொண்டான். பிடுங்கிப் போட்டுவிடுவாரோ என்று பயந்துவிட்டான் போல.

அந்தம்மா அவன் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து விலக்கினார். குனிந்து, அந்தக் கொட்டை எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நிமிர்ந்தவர், தெருவில் இருக்கிற அத்தனை ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி என்னமோ கூவினார். ஷிஜோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'வந்துட்டாருய்யா நம்ம பதுவைக்காரரு'ன்னு சொல்றாங்க இக்கா" என்றான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள், லீவுக்கு வந்து இறங்குகிற தம்பியின் முதுகில் போடுகிற மாதிரி, அந்த எழுத்தின் மேலேயே ஓங்கி ஒரு அடி வைத்தார் ஃபெர்னாண்டா அம்மா. டும்மென்று சந்தே அதிர்ந்தது. அதே கையால் சவரி அண்ணனின் கோட்டுக் கையைப் பிடித்துத் தெரு நடுவுக்கு இழுத்துக்கொண்டுபோய், சுரூபத்துக்குப் பின்னால் தான் நடந்துவந்த இடத்தில் நிறுத்தினார்.